இனிப்பு நீரா (சர்க்கரை நோயா) இல்லையா என்று தெரியும் முன்: காத்திருக்கும் வாரங்களில் சாப்பாட்டைச் சரிசெய்வது எப்படி

கோயில் திருவிழாவில் மருத்துவ முகாம் போட்டிருந்தார்கள். சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்ட கையோடு நானும் வரிசையில் போய் நின்றேன். விரலில் குத்திப் பார்த்த பெண், துண்டுச் சீட்டில் ரத்த இனிப்பு 11.8 என்று எழுதிக் கொடுத்து, "அக்கா, கிளினிக்குப் போய் ரத்தம் எடுத்துப் பாருங்க" என்றார். அன்றிலிருந்து கடைசி முடிவு கைக்கு வர ஒன்பது வாரம் ஆனது. அதில் நான்கு வாரம் நானே செய்த தவறால் கூடியது.

பயத்தில் மறுநாளே சோற்றை அடியோடு நிறுத்தினேன். காலையில் பாகற்காய்ச் சாறு, மதியம் வெறும் கீரை, இரவில் இரண்டு முட்டை. அப்படியே போய் ரத்தம் கொடுத்தேன். முடிவு குழப்பமாக வந்தது, மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் செம்பனைத் தோட்டத்தில் என்னைப் போலச் சீட்டும் கையுமாக நிற்பவர்கள் நிறைய. யாரும் இந்த இடைப்பட்ட வாரங்களைப் பற்றிச் சொல்லித் தருவதில்லை. நோய் வந்தவருக்கு ஆலோசனை உண்டு, வராதவருக்கு அது தேவையில்லை, நடுவில் நிற்பவர்தான் தவிக்கிறார். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கர்ப்பிணிகள், சிறுநீரக நோய் உள்ளவர்கள், ஏற்கெனவே இனிப்பு நீர் மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் இதைப் பார்த்துச் சாப்பாட்டை மாற்ற வேண்டாம். உங்கள் கணக்கு வேறு. மருத்துவரிடம் கேட்டுத்தான் மாற்ற வேண்டும்.

1. விரலில் குத்திய எண்ணை முடிவாக எடுக்காதீர்கள்

முகாமிலும் மருந்துக் கடையிலும் விரலில் குத்திப் பார்ப்பது ஓர் எச்சரிக்கை மட்டுமே. இனிப்பு நீர் இருக்கிறதா என்று சொல்ல, கை நரம்பில் ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் பார்க்க வேண்டும். தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாமல் உடல் மெலிவது போன்ற அறிகுறிகள் இல்லாதவருக்கு ஒரே ஒரு பரிசோதனையை வைத்து முடிவு சொல்லமாட்டார்கள். இன்னொரு நாள் மறுபடியும் பார்ப்பார்கள். காத்திருப்பு நீள்வதற்கு அதுதான் காரணம்.

விரலில் ஒட்டிய இனிப்பும் எண்ணை ஏற்றிவிடும். பொங்கல் பிசைந்த விரலை நான் சேலைத் தலைப்பில் துடைத்தேனே தவிர, சோப்புப் போட்டுக் கழுவவில்லை. மாம்பழம், பலாப்பழம், கெட்டிப்பால் எதைத் தொட்டிருந்தாலும் கையைக் கழுவி ஈரம் போகத் துடைத்த பிறகுதான் விரலை நீட்ட வேண்டும்.

அடுத்தது, தமிழ்நாட்டுக் காணொளிகளைப் பார்த்துக் குழம்புவது. அங்கே ரத்த இனிப்பை மில்லிகிராமில் 126, 200 என்று சொல்வார்கள். நம் நாட்டில் மில்லிமோல். நம் எண்ணை 18-ஆல் பெருக்கினால் அவர்கள் எண் வரும். நம் 7.0 அவர்களுக்கு 126, நம் 11.1 அவர்களுக்கு 200. "எனக்கு 11-தான், அவங்க 200 வரைக்கும் சொல்றாங்களே" என்று எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) ஒருவர் நிம்மதியாக இருந்துவிட்டார். அது நிம்மதிப்படக்கூடிய எண் இல்லை.

இதெல்லாம் நிதானமாகக் காத்திருக்கக் கூடியவர்களுக்கு. அடங்காத தாகம், இரவில் பலமுறை சிறுநீர், சில வாரத்தில் உடை தொளதொளக்கும் அளவு மெலிவு, பார்வை மங்கல் இருந்தால் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே கிளினிக்குப் போங்கள். வாந்தி, வயிற்று வலி, மூச்சு வேகமாக வாங்குவது, மயக்கம், பேச்சுக் குழறல் இருந்தால் நேராக மருத்துவமனை அவசரப் பிரிவு. வண்டி இல்லையென்றால் 999.

2. கிளினிக்குப் போகும்போது கையில் இருக்க வேண்டியவை

மைகார்டு (அடையாள அட்டை). முகாமில் கொடுத்த சீட்டு. முன்பு எப்போதாவது ரத்தம் எடுத்திருந்தால் அந்தத் தாள், அது ஐந்து வருடப் பழசாக இருந்தாலும் சரி. வீட்டில் நீங்கள் விழுங்கும் எல்லாவற்றின் அட்டையும்: ரத்த அழுத்த மாத்திரை, மூட்டுவலி மாத்திரை, ஜாமு (மூலிகை மருந்து), சத்து மாத்திரை. பெயர் எழுதத் தெரியாவிட்டால் கைப்பேசியில் படம் எடுத்துப் போங்கள். ஒரு பேனா. நான் கொண்டுபோகவில்லை. மருத்துவர் சொன்னதில் பாதியை பஸ்ஸில் ஏறும் முன்பே மறந்துவிட்டேன்.

அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்). ரத்தப் பரிசோதனைக்கும் தனியாகப் பணம் கேட்கவில்லை. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்குக் கட்டணம் பல மடங்கு கூடுதல். சிவப்பு ஐசி வைத்திருக்கும் நிரந்தரவாசிகள் கவுண்டரில் முதலிலேயே கேட்டுக்கொண்டு பணத்தோடு போங்கள். தனியார் கிளினிக்கில் மூன்று மாத சராசரி பார்க்கும் ஒரே ஒரு பரிசோதனைக்கு என்னிடம் 60 வெள்ளி கேட்டார்கள். அவசரம் இல்லையென்றால் அந்தக் காசு வேண்டாம்.

40 வயதாகி, அரசாங்கத்தின் எஸ்டிஆர் உதவித்தொகை வாங்கும் குடும்பமா? பெக்கா பி40 திட்டத்தில் உங்களுக்கும் உங்கள் கணவர் அல்லது மனைவிக்கும் இலவச உடல் பரிசோதனை உண்டு. இதில் சேர்ந்த தனியார் கிளினிக்கிலும் பார்ப்பார்கள். மைகார்டு எண்ணைக் கொடுத்தால் தகுதி இருக்கிறதா என்று அங்கேயே சொல்லிவிடுவார்கள். எங்கள் தோட்டத்தில் தகுதியிருந்தும் இதைக் கேள்விப்படாதவர்கள்தான் அதிகம்.

எங்களுக்குச் செலவு வைத்தது பயணம்தான். தோட்டத்து மண் சாலையிலிருந்து டவுனுக்கு ஆள் வைத்து வண்டியில் போய் வர ஒவ்வொரு முறையும் 20 வெள்ளி. ஆறு முறை போனேன். அதனால் ஒவ்வொரு முறையும் "அடுத்து எதற்கு வரணும், வெறும் வயிற்றோடு வரணுமா?" என்று கேட்காமல் வெளியே வராதீர்கள். சாப்பிட்டுவிட்டுப் போய்த் திரும்பி வந்த ஒரு நாளும் அந்த ஆறில் சேர்த்தி.

பேராக்கில் கிளினிக் திங்கள் முதல் வெள்ளி வரை. வெள்ளிக்கிழமை மதிய இடைவேளை நீளம், 2.45 வரை போகும். ரத்தம் எடுப்பது காலையில்தான். மைசெஜாத்ரா செயலியில் முன்பதிவு செய்யலாம். பிள்ளைகளிடம் கைப்பேசியைக் கொடுத்தால் செய்து தருவார்கள். வேலைக்குப் போகிறவர்கள் எம்சி (மருத்துவ விடுப்புச் சீட்டு) கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். பரிசோதனைக்கு வந்ததற்கு வந்து போன நேரம் எழுதிய டைம் ஸ்லிப் மட்டும் தருவது உண்டு. முதல் நாளே மண்டோரிடம் (மேற்பார்வையாளரிடம்) சொல்லிவிடுங்கள்.

3. எந்தப் பரிசோதனை என்று பெயர் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்

மூன்று வகை உண்டு. சாப்பாட்டை எப்படி மாற்றலாம் என்பது எந்தப் பரிசோதனை என்பதைப் பொறுத்தது.

வெறும் வயிற்று ரத்தம்: குறைந்தது 8 மணி நேரம் சாப்பிடாமல் எடுப்பது. 7.0 அல்லது அதற்கு மேல் இனிப்பு நீர். 6.1 முதல் 6.9 வரை நடுநிலை, அதாவது இனிப்பு நீருக்கு முந்தைய கட்டம்.

ஹெச்பிஏ1சி: கடந்த இரண்டு, மூன்று மாதத்துச் சராசரியைக் காட்டும். நம் நாட்டு வழிகாட்டியில் 6.3 விழுக்காடும் மேலும் இனிப்பு நீர், 5.7 முதல் 6.2 வரை நடுநிலை. வேறு நாட்டுக் காணொளிகளில் 6.5 என்பார்கள், அதைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். முந்தைய நாள் பட்டினி கிடந்தால் இந்த எண் இறங்காது. முந்தைய நாள் கல்யாண விருந்து சாப்பிட்டதாலும் ஏறாது. ஆனால் ரத்தச் சோகை, தலசீமியா உள்ளவர்களுக்கு இந்த எண் பொய் சொல்லலாம். குடும்பத்தில் யாருக்காவது இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

குளுக்கோஸ் குடிக்கும் பரிசோதனை: வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்து, 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடிக்கவைத்து, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் எடுப்பார்கள். இரண்டாவது எண் 11.1 அல்லது மேல் என்றால் இனிப்பு நீர். 7.8 முதல் 11.0 வரை நடுநிலை.

நான் சிக்கியது மூன்றாவதில்தான். வெறும் வயிற்றில் 6.4, இரண்டு மணி நேரத்தில் 11.3, ஹெச்பிஏ1சி 6.0. ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. மருத்துவர் தாளைப் பார்த்துவிட்டு, "கடைசி ஒரு வாரமா என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். சொன்னேன். பேனாவை வைத்துவிட்டு விளக்கினார். நாள்கணக்கில் மாவுச்சத்தே பார்க்காத உடலுக்குள் திடீரென்று 75 கிராம் குளுக்கோஸ் போனால் உடனே அதைக் கையாள முடியாது, நோய் இல்லாதவருக்கும் எண் ஏறிவிடும். "நான்கு வாரம் வழக்கம்போல அளவாச் சாப்பிட்டுட்டு வாங்க" என்று அனுப்பினார்.

இனிச் சொல்லப்போகும் மாற்றங்கள் எல்லாம் இதை மனதில் வைத்துத்தான். காத்திருக்கும் வாரங்களில் சீனியைக் குறைக்கலாம், சோற்றை அளக்கலாம். எதையும் அடியோடு நிறுத்தக்கூடாது.

4. முதல் வாரம்: குடிப்பதை மட்டும் மாற்றுங்கள்

தட்டில் கை வைக்காதீர்கள். முதலில் கிளாஸ்.

எங்கள் வீட்டில் கெட்டிப்பால் டின்னின் தலையில் ஆணியால் எதிரெதிரே இரண்டு ஓட்டை போட்டு வைத்திருப்போம். என் மாமியார் டின்னைச் சாய்த்து, மனதுக்குள் ஏதோ கணக்கு வைத்து நிமிர்த்துவார். ஒரு நாள் அந்தப் பாலைக் கிளாசில் விழவிடாமல் மேசைக்கரண்டியில் பிடித்துப் பார்த்தேன். முதல் கரண்டி நிறைந்தது, இரண்டாவதும் நிறைந்தது, மூன்றாவதில் பாதி வந்ததும்தான் அவர் கை நிமிர்ந்தது. ஒரு மேசைக்கரண்டிக் கெட்டிப்பாலில் இரண்டு தேக்கரண்டிக்குக் குறையாத சீனி. அப்படியென்றால் ஒரு கிளாசில் ஐந்து தேக்கரண்டி. ஒரு நாளைக்கு மூன்று கிளாஸ், பதினைந்து. "நான் இனிப்பே சாப்பிடறதில்லையே" என்று முகாமில் சொன்னவள் நான். லட்டும் ஜிலேபியும் மட்டும்தான் இனிப்பு என்று நினைத்திருந்தேன்.

ஒரே நாளில் நிறுத்த வேண்டாம், தலைவலியும் எரிச்சலும் வந்து நான்காம் நாள் பழையபடி குடித்துவிடுவீர்கள். நான்கு நாளைக்கு ஒரு தடவை அரைக் கரண்டி குறையுங்கள். மாமியாரிடம் வாதாடாமல், டின்னுக்குப் பக்கத்தில் ஒரு கரண்டியைப் போட்டு வைத்தேன். ஊற்றுவது அவர், அளப்பது கரண்டி.

கடையில் கேட்கும்போது வார்த்தை முக்கியம். "தே ஓ" என்றால் பால் இல்லை, சீனி உண்டு. "தே ஓ கோசோங்" என்றால்தான் சீனி இல்லை. பால் வேண்டும் என்றால் "தே சி கோசோங்" கேளுங்கள், கெட்டிப்பாலுக்குப் பதிலாக இனிப்பில்லாப் பால் ஊற்றுவார்கள். "குராங் மானிஸ்" (இனிப்புக் குறைவாக) என்பது கடைக்காரர் கையைப் பொறுத்தது. பழக்கமான ஒட்டுக்கடையில் மட்டும் அதை நம்பலாம்.

இனிப்பென்று தெரியாமல் வீட்டில் குடிப்பவை: மூன்று கலந்த காப்பிப் பொட்டலம், மைலோ, சிரப் பண்டுங், லிமாவ் ஐஸ், வெயிலில் வேலை செய்துவிட்டுக் குடிக்கும் 100 பிளஸ் போன்ற பானங்கள். மைலோவைச் சத்துப் பானம் என்று நினைத்து இரவு படுக்கும் முன் குடிக்கும் வீடுகள் உண்டு, அதிலும் சீனி உண்டு. குலா மெலாக்கா, நாட்டுச் சர்க்கரை, தேன் எதுவும் சீனிக்கு மாற்று இல்லை. ரத்தத்துக்கு அவையும் சீனிதான். பழச்சாறும் அப்படியே. கொய்யாவைக் கடித்துத் தின்னுங்கள், பீடோர் பக்கத்துக் கொய்யா நம் சந்தையில் மலிவாகவே கிடைக்கிறது. சாறாக்கிக் குடிக்காதீர்கள்.

எனக்கு இந்த ஒரு படியே பெரிய மாற்றம். மதியம் மூன்று மணிக்கு வரும் அசதி பத்தே நாளில் குறைந்தது.

5. இரண்டாம் வாரம்: சோற்றை அளந்து பாருங்கள்

சுகாதார அமைச்சு "சுக்கு சுக்கு செபாரோ" என்று ஒரு தட்டைக் காட்டும். கால் தட்டு சோறு, கால் தட்டு மீன் அல்லது கோழி அல்லது பருப்பு, அரைத் தட்டு காய்கறியும் பழமும். கிளினிக் சுவரிலும் அந்தப் படம் இருந்தது. பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் நம் தட்டு நேர்மாறாக இருக்கும்: முக்கால் தட்டு சோறு, அதன் மேல் குழம்பு, ஓரத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் காய்.

குறைக்கும் முன் அளந்து பாருங்கள். வழக்கம்போலச் சோறு போட்டுக்கொள்ளுங்கள், குழம்பு ஊற்றாதீர்கள். 250 மில்லி பிடிக்கும் கப் ஒன்றில் அந்தச் சோற்றை அமுக்காமல் அள்ளிப் போட்டு எத்தனை கப் என்று எண்ணுங்கள். எனக்கு மதியம் கிட்டத்தட்ட மூன்று கப் வந்தது. ஒரு கப் சோற்றில் ஏறக்குறைய 45 கிராம் மாவுச்சத்து. அளந்த முதல் வாரம் இரண்டு கப், அடுத்த வாரம் ஒன்றரை, பிறகு ஒன்று என்று இறங்கினேன். உடல் உழைப்பு அதிகம் உள்ளவர்கள் ஒன்றரையில் நின்றுகொள்ளலாம். மூன்று வேளையிலும் ஒரு கப் அளவும், பழமும் பருப்பும் சேர்ந்தால் நாளுக்கு 150 கிராம் மாவுச்சத்து தாண்டிவிடும். குளுக்கோஸ் பரிசோதனைக்குத் தேவையான அளவு அதுதான். பட்டினியும் இல்லை, கெடுதலும் இல்லை.

காலியான இடத்தைக் காய் நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் இரவு ஒன்பது மணிக்கு பிஸ்கட் டின்னைத் திறப்பீர்கள். விலை உயர்ந்தது எதுவும் தேவையில்லை. வீட்டுப் பின்னால் முருங்கை இருக்கிறது. கங்குங், வெண்டைக்காய், பயிற்றங்காய், முட்டைக்கோஸ், கத்தரிக்காய் எல்லாம் இரவுச் சந்தையில் கடை கட்டும் நேரத்தில் இன்னும் மலிவு. மீன் வாங்க முடியாத நாளில் முட்டை, சோயாவில் செய்த தெம்பே, தவ்வு, நெத்திலி. உருளைக்கிழங்கு, மரவள்ளி, சேனை ஆகியவற்றைக் காய்க் கணக்கில் சேர்க்காதீர்கள், அவை சோற்றுப் பக்கம். சோற்றுக்கு உருளைக்கிழங்குப் பிரட்டல் வைத்தால் சோற்றோடு சோறு சாப்பிடுவது போலத்தான். மஞ்சள் மீயும் பீஹூனும் அப்படியே.

"சப்பாத்தி சாப்பிட்டா ஏறாது" என்று எல்லோரும் சொல்வார்கள். சப்பாத்தியும் மாவுதான். நான்கு சப்பாத்தி சாப்பிட்டுவிட்டுச் சோறு சாப்பிடவில்லை என்று சொல்வதில் பயனில்லை. ஒரு ரொட்டி சானாயும் ஏறக்குறைய ஒரு கப் சோற்றுக்குச் சமம், அதற்கு மேல் எண்ணெய் வேறு. ஒன்று வாங்கி, சாம்பாரை நிறையக் கேட்டு, கூட ஒரு முட்டை வைத்துக்கொண்டால் காலைக்குப் போதும். கேழ்வரகுக் களியும் அளவோடுதான். அரிசியை மாற்றி விலை கூடுதலான பழுப்பரிசி வாங்க வேண்டுமா என்று கேட்பார்கள். முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் உள்ளூர் வெள்ளை அரிசியையே அளந்து சாப்பிடுங்கள். அளவுதான் முதலில்.

சாப்பிடும் வரிசையையும் மாற்றிப் பாருங்கள். காயையும் மீனையும் பாதி சாப்பிட்டுவிட்டுச் சோற்றைத் தொட்டால் ஒரு கப்பே நிறைவாக இருக்கிறது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு லயத்தைச் சுற்றிப் பதினைந்து நிமிடம் நடந்தால் இன்னும் நல்லது.

எல்லாவற்றையும் ஒரு பழைய பள்ளி நோட்டில் எழுதுங்கள். எந்தத் தேதியில் எதைக் குறைத்தீர்கள் என்று மட்டும் போதும். மருத்துவர் எண்ணைப் படிக்கும்போது அந்தத் தேதிகளையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

6. தோட்ட வேலைக்குப் போகிறவர்கள்

என் கணவர் செம்பனையில் குலை வெட்டுகிறார். விடியுமுன் பெரட்டுக்கு (வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு) போக வேண்டும். இனிப்புக் காப்பியும் நாலு பிஸ்கட்டும் போட்டுக்கொண்டு கிளம்பினால் எட்டு மணிக்கே பசி கண்ணைக் கட்டும், பத்து மணிக்கு நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) இரண்டு பொட்டலம் போகும். என்னோடு சேர்ந்து அவரும் மாற்றினார். காலையில் சீனியில்லாக் காப்பி, இரண்டு இட்லி அல்லது ரொட்டி, ஒரு அவித்த முட்டை. பத்து மணிக்கு வீட்டுப் பொட்டலம், அதில் ஒன்றரைக் கப் சோறு, நெத்திலிச் சம்பல், கீரை. குடிக்கத் தண்ணீர் இரண்டு போத்தல். வெயிலில் உழைப்பவர் சோற்றை அரைக் கப்புக்கு இறக்கிக்கொண்டு களத்துக்குப் போகக்கூடாது. அரிவாளும் உயரமான குலையும் உள்ள இடத்தில் மயக்கம் வந்தால் கதை வேறாகிவிடும்.

7. கோயில், கல்யாணம், விரத நாள்

சைவ நாளில்தான் எனக்குச் சோறு கூடும். மீன் இல்லாத குறையைச் சோற்றாலும் அப்பளத்தாலும் உருளைக்கிழங்காலும் நிரப்புவோம். புரட்டாசி மாதம் முழுக்க விரதம் இருக்கும் வீடுகள் பருப்பு, தவ்வு, தெம்பே, கடலைச் சுண்டல் வைத்துக்கொள்ளுங்கள். பிரசாதத்தை மறுக்க வேண்டாம், ஒரு வாய் வாங்கிக் கண்ணில் ஒற்றிச் சாப்பிடலாம், தொன்னை நிறைய வேண்டாம். வாழை இலைச் சாப்பாட்டில் இரண்டாவது முறை சோற்றோடு வருபவரிடம் இலையின் மேல் கையைக் காட்டிவிட்டு, பொரியலை மட்டும் மறுபடி கேளுங்கள். யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.

8. இந்த வாரங்களில் செய்யவே கூடாதவை

அடுத்த வீட்டு மாத்திரை. நல்லெண்ணத்தில்தான் கொடுப்பார்கள், எனக்கும் கொடுத்தார்கள். கிளிக்லசைடு வகை மாத்திரை ரத்த இனிப்பை வேகமாக இறக்கும். வியர்த்து, கை நடுங்கி, விழுந்துவிடுவீர்கள். விழாவிட்டாலும் பரிசோதனை எண் உங்கள் உடலுடையதாக இருக்காது.

சந்தையில் விற்கும் "இனிப்பு நீர் போகும்" பொடி, ஜாமு. எனக்கு ஒருவர் 85 வெள்ளிக்கு ஒரு டப்பா விற்றார். டப்பாவில் மால் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இல்லை, ஹோலோகிராம் வில்லையும் இல்லை. பதிவில்லாத இப்படிப்பட்ட பொருள்களில் சொல்லாமல் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. ஸ்டீராய்டு ரத்த இனிப்பை ஏற்றும். மூட்டுவலி ஜாமு குடிப்பவர்கள் இதைக் கட்டாயம் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வலிக்குக் குடிப்பதே இனிப்பு நீருக்குக் காரணமாக இருக்கலாம். ஆனால் நீண்ட நாள் குடித்தவர் மருத்துவரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தவும் கூடாது, அதிலும் ஆபத்து உண்டு.

வெந்தயமும் பாகற்காயும் குழம்பிலும் பொரியலிலும் தாராளமாக இருக்கட்டும். தினம் வெறும் வயிற்றில் சாறு வேண்டாம். எனக்கு அது வயிற்றுப் போக்கைத்தான் கொடுத்தது.

தினமும் விரலில் குத்திப் பார்க்கவும் வேண்டாம். கருவி 100 வெள்ளிக்கு மேல், குச்சிக்குத் தனிச் செலவு. மருத்துவர் சொல்லாமல் வாங்காதீர்கள்.

9. பரிசோதனைக்கு முந்தைய மூன்று நாள்

குளுக்கோஸ் குடிக்கும் பரிசோதனை என்றால் இந்த மூன்று நாளும் எந்தப் புது முயற்சியும் வேண்டாம். மூன்று வேளையும் அளவான சோறு அல்லது இட்லி, தோசை சாப்பிடுங்கள். காய்ச்சல், வயிற்றுப் போக்கு வந்தால் கிளினிக்குத் தொலைபேசியில் சொல்லித் தேதியை மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் நாள் இரவு எட்டரைக்குச் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். பிறகு வெறும் தண்ணீர் மட்டும், அது தாராளமாக. சீனியில்லாக் காப்பியும் கூடாது, மிட்டாயும் கூடாது, வெற்றிலை பாக்கும் கூடாது. 14 மணி நேரத்துக்கு மேல் பட்டினி கிடப்பதும் தவறு, அதனால் மாலை ஐந்து மணிக்கே சாப்பிட்டுவிட்டுப் படுக்காதீர்கள். தினசரி மாத்திரையை அன்று காலை எடுக்கலாமா என்று முன்பே கேட்டு எழுதி வையுங்கள்.

அன்று காலை அந்தக் குளுக்கோஸ் தண்ணீர் திகட்டும். ஐந்து நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். வாந்தி எடுத்துவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள், அன்றைய பரிசோதனை செல்லாது. இரண்டு மணி நேரமும் உட்கார்ந்தே இருக்க வேண்டும். பசார் பக்கத்தில்தானே இருக்கிறது என்று கறிகாய் வாங்கப் போகாதீர்கள், புகையும் பிடிக்காதீர்கள். கையில் ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு போங்கள், இரண்டாவது ரத்தம் கொடுத்ததும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிடலாம்.

10. முடிவு வாங்கும் நாள்

"ஓக்கே, பரவாயில்லை" என்று சொன்னதோடு எழுந்து வராதீர்கள். மூன்று எண்ணையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், தாளின் நகல் கேளுங்கள், கிடைக்காவிட்டால் அனுமதி கேட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இனிப்பு நீர் உறுதியானால் கண், கால், சிறுநீரகப் பரிசோதனை எப்போது என்று கேளுங்கள். எந்த முடிவானாலும் உணவியல் அதிகாரியைப் பார்க்க எழுதித் தரச் சொல்லுங்கள். எல்லாக் கிளினிக்கிலும் அவர் தினமும் இருக்கமாட்டார், கேட்டால்தான் தேதி கிடைக்கும். மலாயில் சொல்வது புரியவில்லையென்றால் பிள்ளையைக் கூட்டிப்போங்கள், புரிந்ததுபோலத் தலையாட்ட வேண்டாம்.

எனக்கு இரண்டாவது முறை இரண்டு மணி நேர எண் 8.9 வந்தது. நடுநிலை. மாத்திரை இல்லை, சாப்பாட்டு அளவைத் தொடர வேண்டும், எடை குறைய வேண்டும், வருடத்துக்கு ஒரு முறை ரத்தம் பார்க்க வேண்டும். அடுத்த தேதியை வீட்டு நாள்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். அளக்கும் கப் அரிசி டின்னுக்குள்ளேயே கிடக்கிறது. கெட்டிப்பால் டின்னுக்குப் பக்கத்தில் கரண்டியைப் போடுவது இப்போது மாமியார்தான்.